நூற்றிரண்டு டிகிரி தாயத்து

ஒரு மனுஷனுக்குக் காய்ச்சல் இறங்கிவிடக் கூடாதே என்று இன்னொரு மனுஷன் தவியாய்த் தவித்தான் என்றால், இரண்டு பேருக்கும் நடுவில் வரப்புத் தகராறாவது இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கிருஷ்ணப்பனுக்கும் அப்துல் சுபானுக்கும் நடுவில் அப்படி ஒரு மண்ணும் கிடையாது. தர்மபுரியில் சுபான் பாய் வீட்டு மாடியில் கிருஷ்ணப்பன் குடியிருந்தான். வெள்ளிக்கிழமை என்றால் கீழேயிருந்து ஒரு கிண்ணம் குருமா தவறாமல் மேலே வரும். அவ்வளவு ஒற்றுமை. இருந்தும் எண்பத்தாறாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு நாள், பாயின் காய்ச்சல் நூற்றிரண்டு டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும் என்று அவன் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டான். பாவம்தான். அவனுக்கும் அது தெரியும்.

காரணம், மாட்டு முட்டை.

சிரிக்க வேண்டாம். மாடு முட்டையிடாது என்பது கிருஷ்ணப்பனுக்கும் தெரியும். உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவன். பசுவின் வயிற்றில் கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் இரண்டு சூலகங்கள் இருக்கும். அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கருமுட்டைகள் இருக்கும். வெளிப் பார்வைக்கு எல்லா முட்டையும் ஒன்றுபோல உருண்டைதான். ஆனால் ஒன்று கன்றாகும், இன்னொன்று ஒன்றுக்கும் ஆகாது. ஏன் என்பதுதான் கிருஷ்ணப்பனின் ஆராய்ச்சி. மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றவள் டிரங்குப் பெட்டியில் என்னென்னவோ வைத்து அனுப்புகிறாளே, அதைப்போலத் தாய்ப்பசுவும் முட்டைக்குள் சில மூலக்கூறுகளைக் கட்டி வைத்து அனுப்புகிறது என்பது அவன் கட்சி. பெட்டி நிறைந்திருந்தால் நல்ல முட்டை. முட்டை பழுக்கிற சமயத்தில்தான் அந்தப் பெட்டி திறக்கும். அப்போது முட்டையை உடைத்து உள்ளே என்னென்ன புரதம் உண்டாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டால், நல்லது எது, சொத்தை எது என்று சொல்லிவிடலாம்.

எல்லாம் சரி. முட்டை பழுக்க வேண்டுமே! அதுதான் பழுக்கவில்லை.

ஊர்க்கோடியில், பழைய புளிக் கிடங்கு ஒன்றில் அவனுடைய ஆய்வுக்கூடம் இருந்தது. வெள்ளையடித்து, மேஜை போட்டு, இன்குபேட்டர் வைத்த பிறகும் உள்ளே நுழைந்தால் வாயில் எச்சில் ஊறும். சுபான் பாய் மாட்டுக்கறிக் கடைக்காரர். வயசான மாடு அறுக்கிற அன்றைக்கெல்லாம் கிருஷ்ணப்பன் விடியும் முன்பே பிளாஸ்கில் வெந்நீர் கலந்த உப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ச் சூலகங்களை வாங்கி வருவான். “எறியற சாமான பிளாஸ்க்குல வச்சு, கொழந்தையாட்டம் கட்டிப் புடிச்சிக்கிட்டுப் போறாரு எங்க மாடிவூட்டு சாரு” என்று பாய் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். கிருஷ்ணப்பன் சூலகத்தில் ஊசி குத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பான், சத்து நீரில் போடுவான், இன்குபேட்டரில் வைப்பான். ஒரு முழுநாள் கதகதப்பில் இருந்தால் பழுக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் போட்டது போட்டபடியே உட்கார்ந்திருக்கும். ஏதாவது ஒன்று மனமிரங்கிப் பாதிவரை வந்து நின்றுவிடும்.

கோளாறு சூட்டில் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. இன்குபேட்டரை முப்பத்தேழு டிகிரி சென்டிகிரேடில் வைக்கச் சொன்னவர் மெட்ராஸில் இருந்த பேராசிரியர், டாக்டர் ராஜாமணி. முப்பத்தேழு மனுஷ உடம்பின் சூடு. பசுவின் உடம்பு அதைவிடச் சூடாயிற்றே, முப்பத்தொன்பதில் வைத்துப் பார்க்கலாமே என்று கிருஷ்ணப்பன் கேட்டான். “உடம்பை விட்டு வெளியே வந்த முட்டை பச்சைப்பிள்ளை மாதிரி. முப்பத்தொன்பதுல வெந்துபோயிடும். உலகமே முப்பத்தேழுல வைக்குது, உனக்கு மட்டும் என்ன?” என்றார் அவர். உலகத்தோடு கிருஷ்ணப்பன் எப்படிச் சண்டை போடுவான்?

ராஜாமணி கெட்டவர் இல்லை. ஆனால் மூடநம்பிக்கை என்றால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போன ஆயுத பூஜைக்கு ஆய்வுக்கூடத்து வாட்ச்மேன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது இன்குபேட்டரின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து வந்து நின்ற பேராசிரியர், ஸ்பிரிட்டில் பஞ்சை முக்கி அந்தப் பொட்டைத் தன் கையாலேயே துடைத்தார். அதோடு விட்டாரா? பொரி கடலை தின்றுகொண்டிருந்த எல்லோரையும் நிற்கவைத்து, அறிவியலும் பொட்டும் ஒரே அறையில் இருக்க முடியாது என்று நீளமாகப் பேசினார். வாட்ச்மேன் கடலையை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றான்.

அப்பேர்ப்பட்டவர், கடைசியில் ஒரே ஒரு தடவை முப்பத்தொன்பதில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். தானே நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். ஒரு முட்டையாவது பழுத்திருந்தால் ஆராய்ச்சி நடக்கும். இல்லையென்றால் கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். சாவியைக் கொடுத்துவிட்டு கிருஷ்ணப்பன் எங்கே போவான்? கம்பைநல்லூருக்குத்தான். அங்கே அவன் மாமனார் பெரியண்ணனுக்குக் கடலை மில் இருந்தது. “மாப்ள என்னா வேல பாக்கறாருன்னு நாலு பேரு கேக்கறாங்க. மாட்டோட முட்டையப் பாக்கறாருன்னு எந்த வாயால சொல்றது? பேசாம வந்து மில்லுல ஒக்காருங்க மாப்ள” என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லுவார். மில்லில் ஒரு நாற்காலியே அவனுக்காகக் காலியாகக் கிடந்தது. அந்த நாற்காலி சில சமயம் கிருஷ்ணப்பனின் கனவில் வந்து வா வா என்று கூப்பிடும்.

முட்டைகளை வைத்த மறுநாள் காலை பேராசிரியர் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் விடிகாலை கிருஷ்ணப்பன் கடைக்குப் போனபோது பாய் இல்லை, அவர் தம்பி முனாப்தான் இருந்தார். “அண்ணனுக்குக் காச்சலுங்க சார். வாழ்நாள்ல மொதக் காச்சல். வூட்ட ரெண்டு பண்றாரு” என்றார். சூலகங்கள் அருமையாகக் கிடைத்தன. முட்டைகளை எடுத்து, பென்சிலின் மருந்து வருகிற சின்னப் புட்டி ஒன்றில் சத்து நீரோடு போட்டு, ரப்பர் மூடியால் மூடி, முப்பத்தொன்பதில் வைத்தான். மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. டீ குடிக்கலாம் என்று எழுந்தான்.

அப்போது இடி இடித்தது. மழை கொட்டியது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் படார் என்று வெடித்து, இன்குபேட்டரின் சிவப்பு விளக்கு கண்ணை மூடிக்கொண்டது. மழைக்கோட்டும் அதுவுமாக வந்து அண்ணாந்து பார்த்த லைன்மேன் சென்றாயன், “இது போயிடுச்சுங்க சார். சேலத்துல இருந்து வேற வரணும். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்தா உங்க அதிர்ஷ்டம்” என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

இன்குபேட்டர் கையோடு ஆறத் தொடங்கியது. கிருஷ்ணப்பன் புட்டியை எடுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டான். வைத்த பிறகுதான் உறைத்தது, தன் உடம்பு வெறும் முப்பத்தேழு. பேராசிரியருடைய அதே முப்பத்தேழு! வெந்நீரில் வைக்கலாம் என்றால் ஒரு நாள் முழுக்க ஒரே சூட்டில் அதைப் பிடித்து வைப்பது ஆகிற காரியமில்லை. முப்பத்தொன்பது டிகிரி சூட்டில் ஏறாமல் இறங்காமல் இருக்கிற ஒரு பொருள் தர்மபுரியில் எங்கே கிடைக்கும் என்று யோசித்தபடி மழையில் நின்றான். சட்டென்று முனாப் சொன்னது ஞாபகம் வந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவன் ஓடினான். அக்குளை இடுக்கிக்கொண்டு ஒரு கையை மட்டும் வீசி ஓடினான். பார்த்தவர்கள் எல்லாம் அவனுக்குக் கை சுளுக்கிக்கொண்டது என்று உச்சுக் கொட்டினார்கள்.

கீழ்வீட்டில் சுபான் பாய் இரண்டு கம்பளி, ஒரு ஜமக்காளம், அதற்கு மேல் ஒரு கோணிச்சாக்கு என்று போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார். வாழ்நாளில் தும்மிக்கூட அறியாத மனுஷன், வந்த முதல் காய்ச்சலையே கடைசிக் காய்ச்சல் என்று முடிவு கட்டிவிட்டார். “அஸ்கரி, என் கத்திய முனாப்புக்குக் குடுத்துடு. சின்னக் கத்திய. பெரிசு வேணாம், அவன் மொக்க பண்ணிடுவான்” என்று முனகினார். அவர் மனைவி அஸ்கரி பேகம், “ஆமா, ஆமா, எல்லாம் குடுக்கறேன். மொதல்ல இந்தக் கஞ்சியக் குடிங்க” என்று டம்ளரை நீட்டினாள். டாக்டர் காலையிலேயே வந்து பார்த்து, சாதாரணக் காய்ச்சல்தான், தானாக இறங்கிவிடும், நன்றாகத் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கிருஷ்ணப்பன் தெர்மாமீட்டரை பாயின் அக்குளில் வைத்தான். நூற்றிரண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தான். ஏறக்குறைய முப்பத்தொன்பது! அவனுக்கு பாயைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஓடிவந்த ஓட்டத்தில் புட்டியின் மூடி நெகிழ்ந்து உள்ளே இருந்த வாயு போய்விட்டிருந்தது. முட்டைகளுக்குக் கொஞ்சம் கரியமிலவாயு வேண்டும், அதன் சிலிண்டர் கிடங்கில் கிடந்தது. மனுஷன் விடுகிற மூச்சிலும் அது உண்டு என்பதால், மாடியிலிருந்து எடுத்துவந்த, பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றைப் புட்டிக்குள் நுழைத்துத் தன் மூச்சையே ஊதினான். அதிகமாகப் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவில் உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டான். கண்ணை வேறு மூடிக்கொண்டான். பிறகு மூடியை இறுக்கி, புட்டியைச் சுற்றிப் பஞ்சு வைத்தான். இதை எதில் கட்டுவது என்று நிமிர்ந்தால், அஸ்கரி பேகம் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கையில் பச்சை வெல்வெட் துணியும் கறுப்புக் கயிறுமாகப் பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஊரில் ஒருவன் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து, கண்ணை மூடி, உதட்டுக்குள் முணுமுணுத்து, எதன்மேலாவது ஊதினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பள்ளிவாசல் வாசலில் சாயங்காலமானால் தண்ணீர்ச் செம்போடும் கைக்குழந்தையோடும் எல்லாச் சாதிப் பெண்களும் ஓதி ஊதி வாங்கப் போய் நிற்பார்கள். ஊதுவது என்றால் என்ன என்று அஸ்கரி பேகத்துக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“அக்கா, இது பாய் உடம்புச் சூட்டுலயே இருக்கணும். காய்ச்சல் இருக்கற உடம்புலதான் இருக்கணும். உள்ளே என்ன இருக்குன்னா...” என்று கிருஷ்ணப்பன் தொடங்கினான்.

அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். “வேணாம் தம்பி, சொல்லாதீங்க. உள்ள இருக்கறதக் கேட்டா பலிக்காது. நீங்க படிச்ச படிப்புல இதெல்லாமா சொல்லித் தராங்க! அல்லா ஒங்கள நல்லா வைக்கட்டும்.”

அந்த நிமிஷத்தில் ஒரு யோக்கியன் உண்மையைச் சொல்லியிருப்பான். கிருஷ்ணப்பன் வாயை மூடிக்கொண்டான். வெல்வெட் துணியில் தைத்த புட்டியை அஸ்கரி பேகமே பாயின் கையில் அக்குளை ஒட்டிக் கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது ஒரு போர். ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் கிருஷ்ணப்பன். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பார்க்க வராமல் இருப்பதைப் போன்ற அவமரியாதை கிடையாது. வருகிறவர்கள் ரொட்டிப் பாக்கெட் ஒன்றையும், காய்ச்சலை இறக்க ஒரு வழியையும் கொண்டுவருவார்கள். ரொட்டியைப் பற்றி கிருஷ்ணப்பனுக்கு ஆட்சேபம் இல்லை. எதிர்வீட்டுக் குள்ளம்மாள் நிலவேம்புக் கஷாயத்தோடு வந்தாள். சூடு அதிகமா என்று பார்க்கிறேன் என்று வாங்கின கிருஷ்ணப்பன், சொம்பு காலியாகிறவரை பார்த்தான். நாக்கு செத்துப்போயிற்று. “நோவாளிக்குக் கொண்டாந்தத நீங்க குடிச்சுட்டீங்களே சார்!” என்று அவள் முகவாயில் கை வைத்தாள். நெற்றியில் ஈரத்துணி போட வந்தவரிடம் ஜன்னி கண்டுவிடும் என்றான். மருந்துக்கடைக் கம்பவுண்டர் ஊசியோடு வந்தபோது வாசலிலேயே மறித்து, டாக்டர் இப்போதுதான் போட்டுவிட்டுப் போனார் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னான்.

நடுநடுவே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டான். நூற்றிரண்டு என்றால் முகம் மலர்ந்தது. கொஞ்சம் குறைந்தால் வாடியது. வந்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். “கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்” என்று குள்ளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுபான் பாய் கம்பளிக்குள் இருந்து கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், நான் போயிட்டா பெரிய கத்திய நீங்க எடுத்துக்கங்க” என்றார். கிருஷ்ணப்பனுக்கு உள்ளுக்குள் குத்தியது. இந்த நல்ல மனுஷனுக்கு நாளைக் காலை வரை காய்ச்சல் இருக்க வேண்டுமென்று நினைக்கிறோமே, நாம் என்ன ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிவிட்டு, மறுபடியும் தெர்மாமீட்டர் வைத்தான்.

விடியும் முன்பே எழுந்தவன், மழையில் நனைந்தவன், ஒரு சொம்பு நிலவேம்பு குடித்தவன். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டான். அஸ்கரி பேகம் அவன்மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டாள்.

விழித்தபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. காதில் சர்க் சர்க் என்று ஒரு சத்தம். சுபான் பாய் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து பெரிய கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். குளித்து, தலை வாரி, அத்தர் பூசி, புதுமாப்பிள்ளை போல இருந்தார்.

“சார்! நீங்க மனுசன் இல்ல சார், அவுலியா, மகான்! பொழுது எறங்கினதும் வேர்த்துச்சு பாருங்க, குளிச்சாப்பல வேர்த்துச்சு. அதோட காச்சல் போயே போச்சு!”

கிருஷ்ணப்பன் அவர் கையைப் பார்த்தான். வெறும் கை. “பாய், அது எங்க?”

பதில் சமையலறையிலிருந்து வந்தது. “அதுவா தம்பி? நம்ம தீர்த்தம்மா இல்ல, பயணியர் மாளிகையில சமைக்குதே, அது நேத்து வெளக்கு வச்சதும் ஓடியாந்துச்சு. அங்க யாரோ வந்து தங்கினவருக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குதாம். ‘பாயம்மா, பாய்க்குக் கட்டினதக் குடுங்க’ன்னு கேட்டுச்சு. அவுத்துக் குடுத்துட்டேன்.”

“குடுத்துட்டீங்களா! அக்கா, நான்தான் சொன்னேனே...”

“நீங்க சொன்னதத்தான் தம்பி செஞ்சேன்” என்று அஸ்கரி பேகம் கரண்டியோடு வெளியே வந்தாள். “காச்சல் இருக்கற ஒடம்புலதான் இருக்கணும்னு சொன்னீங்களா இல்லையா? இவரு ஒடம்பு பச்சத்தண்ணியா ஆயிடுச்சு. சும்மா இங்க கெடந்து என்னா பண்றது? அதான் காச்சல் இருக்கற எடத்துக்கு அனுப்பிட்டேன்.”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த யாரோ ஒருவர் இந்நேரம் சலித்துப்போய் அதை அவிழ்த்து ஜன்னல் வழியாக எறிந்திருக்கலாம். எறியாவிட்டாலும், அவர் காய்ச்சல் நூறா நூற்றைந்தா என்று யார் கண்டது? கம்பைநல்லூர் நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது. போதாததற்கு, பேராசிரியர் வருகிற பொழுது வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். இந்தத் தடவை இரண்டு கையையும் வீசி ஓடினான்.

பயணியர் மாளிகையின் பின்கட்டில் தீர்த்தம்மாள் அரிசி நொய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வந்து நின்ற கிருஷ்ணப்பனைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். “நல்லா இருக்கோணும் சார் நீங்க. உங்க தாயத்துதான் அந்த ஐயாவக் காப்பாத்துச்சு.”

“எந்த ஐயா? அத இன்னும் கட்டியிருக்காரா?”

“கட்டியிருக்காருங்க. மெட்ராசுக்கார ஐயா. நேத்து மதியமே பொம்மிடியில ரயிலு எறங்கி, பஸ்சு வராம மழையில தொப்பலா நனஞ்சி வந்தாருங்க. ஒரே நடுக்கம். தாயத்துன்னு சொன்னதும் எரிஞ்சி விழுந்தாருங்க. ‘அறிவிருக்கா ஒனக்கு, அறிவியல் என்னா சொல்லுது’ன்னு கத்துனாரு. அப்புறம் பொழுது எறங்க எறங்கக் காச்சலு ஏறுச்சு. ‘தீர்த்தம்மா, கதவச் சாத்து’ன்னாரு. சாத்துனேன். கைய நீட்டுனாரு. ‘யாருக்கும் சொல்லக் கூடாது’ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாருங்க.” அவள் நெஞ்சில் கை வைத்தாள். “இந்த நிமிசம் வரைக்கும் நான் ஒருத்தருக்கும் சொல்லலீங்க.”

பொம்மிடி, மெட்ராஸ், அறிவியல். கிருஷ்ணப்பன் மூன்றையும் கூட்டிப் பார்த்தான். மெதுவாகப் போய் அந்த அறைக் கதவைத் தட்டினான்.

“யாரது?” என்றது பழகின குரல்.

டாக்டர் ராஜாமணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு, அதற்கு மேல் சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார். கிருஷ்ணப்பனைக் கண்டதும் இடதுகைப் பக்கம் சால்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வா. கொஞ்சம் உடம்பு சரியில்ல. அதான் தகவல் சொல்லல. டிரான்ஸ்பார்மர் வெடிச்சதாமே? அப்போ இன்குபேட்டர்?”

“நின்னுபோச்சு சார்.”

“முட்டை?”

“இருக்கு சார்.”

“கரண்ட் இல்லாம எப்படிய்யா இருக்கும்? எங்க வச்சிருக்க?”

சொல்லாமல் தீராது. “உங்க இடது அக்குள்ல சார்.”

பின்கட்டில் கஞ்சி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கிருஷ்ணப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே, டிரான்ஸ்பார்மர் வெடித்தது, சுபான் பாயின் காய்ச்சல், தான் ஊதின ஊதல், அஸ்கரி பேகத்தின் வெல்வெட் துணி என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும், தன் ஆராய்ச்சி அந்த அறையிலேயே முடிந்தது என்று நினைத்தான்.

பேராசிரியர் சால்வையை விலக்கினார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். அக்குளை ஒட்டி, பச்சை வெல்வெட்டில், மூன்று முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிற்றில் அந்தப் பை இருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, “எடுத்துக்கோ” என்றார்.

மைக்ராஸ்கோப்புக்கு மின்சாரம் தேவையில்லை. அடியில் கண்ணாடி வைத்த பழைய காலத்துச் சாமான், வெயில் இருந்தால் போதும். கிருஷ்ணப்பன் கிடங்கிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்து மாளிகை வராந்தாவில் வெயில் பட வைத்தான். புட்டி கையில் இன்னும் சூடாக இருந்தது. முட்டைகளை ஒரு துளி நீரில் எடுத்துச் சுற்றியிருந்த செல்களை உதிர்த்துவிட்டுக் கண்ணை வைத்தான். வைத்த கண்ணை எடுக்கவில்லை. பேராசிரியர் சால்வையோடு நடுங்கிக்கொண்டே எழுந்து வந்து, அவனைத் தோளால் தள்ளிவிட்டுத் தான் பார்த்தார்.

முட்டையின் விளிம்பில் சின்னதாக ஒரு மணி ஒட்டிக்கொண்டிருந்தது. முட்டை பழுத்தால்தான் அந்த மணி வரும். அடுத்ததைப் பார்த்தார். அதிலும் மணி. அதற்கடுத்ததிலும் மணி. பக்கத்தில் வந்து நின்ற தீர்த்தம்மாள், “என்னாங்க சார் அது?” என்று கேட்டாள். மாட்டுக் கருமுட்டை என்று கிருஷ்ணப்பன் சொன்னதும் அவள் பேராசிரியரை ஏற இறங்கப் பார்த்தாள். “அத்தனையும் ஐயாவே அடைகாத்துட்டாருங்களா!” என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, கிருஷ்ணப்பனின் சட்டைப்பையில் இருந்த தெர்மாமீட்டருக்காகக் கையை நீட்டினார். தானே அக்குளில் வைத்துக்கொண்டார். எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நூற்றிரண்டு. சென்டிகிரேடுல...” என்றவர் நிறுத்தினார்.

“முப்பத்தொன்பது சார்” என்றான் கிருஷ்ணப்பன், மிகவும் பணிவாக.

“தெரியுது, தெரியுது. இன்குபேட்டரை இனிமே அதுலயே வை.” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “கிடங்கைப் பூட்ட வேணாம். இந்த முட்டைகளை உடனே ஐஸில் போட்டு வை, உள்ளே என்ன புரதம் இருக்குன்னு பார்க்கலாம். ஆனா கட்டுரை எழுதும்போது ஒண்ணு. சூடு எங்கேயிருந்து வந்ததுன்னு விளக்கி எழுத வேணாம். கரண்ட் வந்ததும் இதையே ஒழுங்கா மறுபடி செஞ்சு, அதை எழுது.”

கிருஷ்ணப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடலை மில் நாற்காலி எங்கோ தூரத்தில் தூசி படிந்து கிடந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சுபான் பாய்க்கா, அஸ்கரி பேகத்துக்கா, பஸ்சை நிறுத்திப் பேராசிரியரை நனையவைத்த மழைக்கா? எல்லோருக்கும் சேர்த்துப் பேராசிரியரையே கும்பிட்டான். பிறகு மைக்ராஸ்கோப்பைத் துடைத்து, ஐஸ் கடைக்குக் கொண்டுபோக முட்டைகளைப் புட்டியில் சேர்த்து, மேஜைமேல் கிடந்த வெல்வெட் பையையும் கயிற்றையும் குப்பைக்கூடையில் போடக் கையில் எடுத்தான்.

“கிருஷ்ணப்பா.”

“சார்?”

பேராசிரியர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தீர்த்தம்மாள் பின்கட்டில் இருந்தாள். வேறு யாரும் இல்லை.

“அதை எங்க எடுத்துட்டுப் போற?”

“காலிப் பைதான் சார். உள்ளே ஒண்ணும் இல்ல.”

“எனக்குத் தெரியாதா?” என்று சள்ளென்று விழுந்தவர், சட்டைக் கையை அக்குள் வரை சுருட்டி இடது கையை நீட்டினார். “இறுக்கிக் கட்டு. எனக்கு இன்னும் காய்ச்சல் இறங்கல.”